இரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டிகளில் தமிழ்நாடு அணி

தமிழ்நாடு துடுப்பாட்ட அணி, இந்தியாவின் முதன்மையான உள்நாட்டுத் துடுப்பாட்டத் தொடரான இரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டின் சார்பில் ஆடும் அணியாகும். முற்காலத்தில் மதராசு அணி என்று அழைக்கப்பட்ட இவ்வணி, தொடர் தொடங்கிய 1934–35 பருவம் முதல் 2024–25 பருவம் வரை பன்னிரண்டு முறை இறுதிப் போட்டியை எட்டியுள்ளது. அவற்றுள் 1954–55, 1987–88 ஆகிய இரு பருவங்களில் மட்டுமே கோப்பையை வென்றது. ஏனைய பத்திலும் இரண்டாமிடம் பெற்றது. இறுதிக்கு வரும் திறன் உள்ள அணி, இறுதியில் ஏன் தொடர்ந்து தோற்கிறது என்பது சென்னை முதல் திருச்சிராப்பள்ளி, சீரங்கம் வரை கிரிக்கெட் பார்ப்போர் நெடுங்காலமாக எழுப்பி வரும் கேள்வியாகும்.

பத்துத் தோல்விகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. அவற்றுள் ஐந்தில் தமிழ்நாடு ஆட்டத்தில் தோற்கவில்லை. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்து, முதல் இன்னிங்சில் பின்தங்கியதால் மட்டுமே கோப்பை கைநழுவியது.

முதல் இன்னிங்சு முன்னிலை

இரஞ்சிக் கோப்பையின் வெளியேற்றச் சுற்றுகளில் ஆட்டம் குறித்த நாட்களுக்குள் முடிவு காணாவிட்டால், முதல் இன்னிங்சில் கூடுதல் ஓட்டம் எடுத்த அணி வென்றதாகக் கொள்ளப்படும். தொடரை நடத்துவோர்க்கு இது வசதியான விதி. யாரேனும் ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயாக வேண்டும் அல்லவா? ஆனால் இவ்விதி ஆட்டத்தின் இயல்பையே மாற்றி விடுகிறது. ஆடுகளம் மட்டையாளருக்குச் சாதகமாக இருந்தால், நாணயச் சுழற்சியில் வென்ற அணி இரண்டு நாட்கள், இரண்டரை நாட்கள் என மட்டை பிடித்து அறுநூறு ஓட்டங்களைக் குவிக்கலாம். அதன் பிறகு எதிரணிக்கு வெற்றி என்பது அந்த அறுநூறைத் தாண்டுவது ஒன்றே. இருபது விக்கெட்டுகளை வீழ்த்தும் பந்துவீச்சைக் காட்டிலும் சலிக்காமல் நின்று ஆடும் மட்டையாளர் இருவர் அங்கே மதிப்பு மிக்கவர் ஆகின்றனர்.

தமிழ்நாடு இவ்வாறு கோப்பையை இழந்த பருவங்கள் 1967–68 (பம்பாயிடம்), 1991–92 (தில்லியிடம்), 1995–96 (கருநாடகத்திடம்), 2003–04 (மும்பையிடம்), 2011–12 (இராசத்தானிடம்) ஆகியனவாகும்.

தொடக்கமும் முதல் கோப்பையும்

இரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடைபெற்றது. 1934 நவம்பர் 4 அன்று மதராசு அணி மைசூரை எதிர்கொண்டது. மைசூர் 48, 59 என இருமுறையும் சுருண்டது; மதராசு எடுத்த 130 ஓட்டங்களே ஓர் இன்னிங்சு, 23 ஓட்ட வெற்றிக்குப் போதுமானதாயின. ஏ. ஜி. இராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். பல நாள் ஆட்டம் ஒரே நாளில் முடிந்து போயிற்று.

அடுத்த பருவத்திலேயே (1935–36) மதராசு இறுதிப் போட்டிக்கு முன்னேறித் தில்லியில் பம்பாயிடம் 190 ஓட்டங்களால் தோற்றது. 1940–41இல் சொந்த ஊரில் நடந்த இறுதியில் தி. ப. தேவ்தர் தலைமையிலான மகாராட்டிரம் ஆறு விக்கெட்டுகளால் வென்றது.

முதல் கோப்பை 1954–55இல் வெளியூரில் கிடைத்தது. பாலு அழகனன் தலைமையிலான மதராசு, அக்காலத்தின் வலிமை மிக்க அணிகளுள் ஒன்றான ஓல்கரை அதன் சொந்த ஊரான இந்தூரிலேயே 46 ஓட்டங்களால் வீழ்த்தியது. முதல் ஆட்டத்தின் நாயகரான இராம்சிங்கின் மகன் ஏ. ஜி. கிருபால் சிங் இவ்வெற்றியில் முதன்மைப் பங்கு வகித்தார். அவர் அதே 1955ஆம் ஆண்டு நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் தேர்வு ஆட்டத்திலேயே சதம் அடித்தார். அழகனன் பின்னாளில் வானொலி வருணனையாளராகவும் அறியப்பட்டார்.

இதன் பின் அடுத்த கோப்பைக்கு 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த இடைவெளி சிலருக்கு வாழ்நாள் ஏமாற்றமாக அமைந்தது. சுழற்பந்து வீச்சாளர் வா. வெ. குமார் கோப்பை வென்றதற்கு அடுத்த பருவமான 1955–56இல் அணிக்குள் வந்தார். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள் வீழ்த்தி 1976–77இல் ஓய்வு பெற்றார். 1963–64இல் அறிமுகமான சீ. வெங்கடராகவன் இரஞ்சியில் மட்டும் 530 விக்கெட்டுகளை எடுத்து 1984–85இல் ஓய்வு பெற்றார். தமிழ்நாடு கண்ட தலைசிறந்த சுழற்பந்து இணை இவ்விருவருமே எனலாம். இரண்டு வெற்றிகளுக்கும் நடுவே ஆடிய இவர்கள் இருவர் கையிலும் கோப்பை வரவில்லை.

1972–73: சேப்பாக்கத்தில் இரண்டு நாளும் ஒரு பந்தும்

இவ்விருவரும் கோப்பைக்கு மிக அருகில் வந்தது 1972–73 இறுதிப் போட்டியில். மாநிலத்தின் பெயர் 1969இல் மாறியதை அடுத்து அணியும் அப்போது தமிழ்நாடு என்னும் பெயரில் ஆடியது. எதிரணியான பம்பாய் 1958–59 முதல் தொடர்ந்து பதினான்கு முறை கோப்பையை வென்றிருந்தது. சேப்பாக்கத்தின் ஆடுகளம் சுழலுக்கு முழுமையாக ஒத்துழைத்தது. தமிழ்நாட்டின் வலிமையே சுழல்தான்.

பம்பாய் 151 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. அதுவரை திட்டம் சரியாகவே நடந்தது. ஆனால் பம்பாயிலும் ஒரு சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். இடக்கை வீச்சாளரான பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்த, தமிழ்நாடு 80 ஓட்டங்களில் முடிந்தது. பம்பாய் இரண்டாம் முறை 113 ஓட்டங்களே எடுத்தது. தமிழ்நாடோ 61 ஓட்டங்களில் சுருண்டு 123 ஓட்டங்களால் தோற்றது. சிவால்கர் ஆட்டத்தில் 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகள் பெற்றார். மூன்றாம் நாளின் முதற்பந்திலேயே கடைசி விக்கெட் விழுந்தது. பம்பாய்க்கு இது தொடர்ச்சியான பதினைந்தாவது கோப்பையாகும்.

எதிரணிக்கெனத் தோண்டிய குழியில் தாமே விழுந்த கதை என்று இந்த ஆட்டத்தைச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. அதே ஆடுகளத்தில் பம்பாயும் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 264 ஓட்டங்களே எடுத்தது. இரு அணிகளையும் பிரித்தது ஒரு வீச்சாளர்.

அதே 1972–73 பருவத்தில் தமிழ்நாட்டுக் கால்பந்து அணியும் சந்தோசுக் கோப்பையின் இறுதியில் வங்காளத்திடம் தோற்றது. 2011–12இலும் இரு அணிகளும் தத்தம் இறுதிப் போட்டிகளில் தோற்றன. கால்பந்தில் அம்முறை வென்றது படைத்துறை அணி. கால்பந்து அணி சந்தோசுக் கோப்பையை ஒருமுறையேனும் வென்றதில்லை என்பதால் அவர்களின் ஏமாற்றம் இன்னும் பெரியது.

இரண்டாம் கோப்பையும் அதன் பின்னும்

1987–88இல் சு. வாசுதேவன் தலைமையிலான அணி சேப்பாக்கத்தில் இரயில்வே அணியை ஓர் இன்னிங்சு, 144 ஓட்டங்களால் வென்று இரண்டாம் முறை வாகை சூடியது. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு இறுதிப் போட்டிகளுள் தமிழ்நாடு வென்றது இது ஒன்றே. 1940–41, 1972–73, 1995–96, 2003–04, 2011–12 ஆகிய ஐந்தும் தோல்விகள். சொந்தத் திடலின் சாதகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இவ்வணிக்குப் பொருந்தவில்லை.

அடுத்த பருவத்தில் கோவாவுக்கு எதிராக வூ. வெ. இராமன் 313 ஓட்டங்களும் அர்சன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்களும் எடுக்க, அணி 6 விக்கெட் இழப்புக்கு 912 ஓட்டங்களைக் குவித்தது. கோப்பை அப்பருவத்தில் தில்லிக்குச் சென்றது. எளிய அணிகளுக்கு எதிராக மலைபோல் ஓட்டங்கள் குவிவதும், இறுதிக் கட்டத்தில் அது வற்றிப் போவதும் பின்னாளிலும் தொடர்ந்தது.

2002–03, 2003–04 ஆகிய அடுத்தடுத்த பருவங்களில் மும்பையே தடையாக நின்றது. முதலாவதில் வான்கேடே திடலில் 141 ஓட்டத் தோல்வி. இரண்டாவதில் சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்சுப் பின்னடைவு. பத்துத் தோல்விகளுள் ஐந்து பம்பாய் அல்லது மும்பையிடம் அடைந்தவை ஆகும். 2023–24 வரை 42 முறை கோப்பை வென்றுள்ள அணியிடம் தோற்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

2011–12 இறுதி, முதல் இன்னிங்சு விதியின் இயல்பைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டாகும். சேப்பாக்கத்தில் முதலில் ஆடிய இராசத்தான் இரண்டு நாட்களுக்கும் மேலாக மட்டை பிடித்து 621 ஓட்டங்கள் எடுத்தது. தொடக்க ஆட்டக்காரர் வினீத் சக்சேனா 257 ஓட்டங்கள் சேர்த்தார். தமிழ்நாடு 295 ஓட்டங்களில் ஆட்டமிழந்ததும் போட்டி முடிந்தது போலவே ஆயிற்று. எஞ்சிய நேரம் சடங்காகக் கழிந்தது.

2014–15 இறுதியில் நடந்தது வேறு. மும்பையில் கருநாடகத்தை எதிர்கொண்ட தமிழ்நாடு முதலில் ஆடி 134 ஓட்டங்களில் சுருண்டது. ஆயினும் கருநாடகமும் 84 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. அந்நிலையில் இணைந்த கருண் நாயரும் கே. எல். இராகுலும் 386 ஓட்டங்களைச் சேர்த்தனர். இராகுல் 188 எடுத்தார். நாயர் எடுத்த 328 ஓட்டங்கள், குல் முகமது 1946–47இல் எடுத்த 319 ஓட்டங்களைத் தாண்டி, இரஞ்சி இறுதிப் போட்டிகளில் தனிநபரின் மிகக்கூடிய எண்ணிக்கையாயிற்று. பின்வரிசையில் வந்த அணித்தலைவர் வினய் குமாரும் சதமடித்தார். மொத்தம் 762. தமிழ்நாடு இரண்டாம் இன்னிங்சில் 411 ஓட்டங்கள் எடுத்துப் போராடியும், ஓர் இன்னிங்சு, 217 ஓட்டங்களால் தோற்றது.

இவ்விரு இறுதிப் போட்டிகளிலும் ர. அசுவின் ஆடவில்லை. 2012 சனவரியில் அவர் இந்திய அணியுடன் ஆத்திரேலியாவில் இருந்தார். 2015 மார்ச்சில் உலகக்கிண்ணப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். தேசிய அணிக்கு வீரர்களை அளிக்கும் மாநிலங்கள் அனைத்துக்கும் இவ்விழப்பு உண்டு என்றாலும், 84க்கு 5 என்ற நிலையில் அசுவின் பந்து வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம்.

அரையிறுதித் தோல்விகள்

2014–15க்குப் பின் 2024–25 வரை அணி இறுதிப் போட்டியை எட்டவில்லை. 2016–17இல் இராசுகோட்டில் நடந்த அரையிறுதியில் மும்பை ஆறு விக்கெட்டுகளால் வென்றது. அப்போது பதினேழு வயதான பிரித்வி சா தம் முதல் ஆட்டத்திலேயே சதமடித்தார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2023–24இல், கோயம்புத்தூரில் சௌராட்டிரத்தை ஓர் இன்னிங்சு, 33 ஓட்டங்களால் வீழ்த்தி அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. மும்பையில் நடந்த அந்த அரையிறுதியில் அணித்தலைவர் சாய் கிசோர் நாணயச் சுழற்சியில் வென்று மட்டை பிடிக்க முடிவு செய்தார். அணி 146 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. பின்னர் மும்பை 106 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்தது. இங்கும் பின்வரிசையே கைகொடுத்தது. சர்துல் தாக்கூர் 109 ஓட்டங்களும், தனுசு கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89 ஓட்டங்களும் எடுத்து மும்பையை 378க்குக் கொண்டு சென்றனர். தமிழ்நாடு ஓர் இன்னிங்சு, 70 ஓட்டங்களால் தோற்றது. முதல் நாள் காலையிலேயே ஆட்டம் கைவிட்டுப் போனதாகப் பயிற்சியாளர் சுலக்சன் குல்கர்ணி கூறியது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அத்தொடரில் மிக அதிகமாக 53 விக்கெட்டுகள் வீழ்த்தியவர் அதே சாய் கிசோர் என்பதும், இந்த அரையிறுதியிலும் அவர் ஆறு விக்கெட்டுகள் எடுத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கன.

84க்கு 5, 106க்கு 7 ஆகிய இரு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்வரிசையை உடைக்கும் பந்துவீச்சு தமிழ்நாட்டிடம் இருந்தது. அந்த இன்னிங்சுகளை முடித்து வைக்கும் பந்துவீச்சு இல்லை. தம் முதல் இன்னிங்சில் 134, 146 என எடுத்துவிட்டு வீச்சாளர்களை மட்டும் குறை கூறுவதும் முறையாகாது.

2024–25இல் நாக்பூரில் நடந்த காலிறுதியில் விதர்பா 198 ஓட்டங்களால் வென்றது. அதில் விதர்பாவுக்காக 122 ஓட்டங்கள் எடுத்தவர், முன்பு கருநாடகத்துக்காக 328 எடுத்த அதே கருண் நாயர்.

ஒருநாள், இருபது நிறைவுப் போட்டிகள்

இறுதிப் போட்டியின் அழுத்தம் தாங்காத அணி என்ற எளிய விளக்கம் இங்கே பொருந்தாமல் போகிறது. ஐம்பது நிறைவுகள் கொண்ட விசய் அசாரே கோப்பையை உள்ளடக்கிய ஒருநாள் தொடரில் தமிழ்நாடு ஐந்து முறை வென்றுள்ளது. அதில் 2004–05 கோப்பை உத்தரப் பிரதேசத்துடன் பகிர்ந்து கொள்ளப்பட்டது. இருபது நிறைவுகள் கொண்ட தொடரை 2006–07, 2020–21, 2021–22 ஆகிய மூன்று பருவங்களில் வென்றது. 2021 நவம்பரில் தில்லியில் கருநாடகத்துக்கு எதிரான இறுதியில் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது சாருக் கான் ஆறு அடித்து வென்று தந்தார்.

எனினும் இங்கும் காயங்கள் உண்டு. 2019 அக்டோபரில் ஒருநாள் இறுதியிலும், திசம்பர் 1 அன்று சூரத்தில் இருபது நிறைவு இறுதியிலும் கருநாடகத்திடமே தோற்றது. பின்னதில் வேறுபாடு ஒரே ஓர் ஓட்டம்.

திருச்சிராப்பள்ளி, சீரங்கம், மாவட்டங்கள்

மாநில அணி நெடுங்காலம் பெரும்பாலும் சென்னைக் கழகங்களில் ஆடுவோரைக் கொண்டே அமைக்கப்பட்டது. தேர்வாளர்கள் கவனிப்பது சென்னைக் கூட்டிணைவு ஆட்டங்களை. ஆகவே திருச்சிராப்பள்ளியில் திறமையாக ஆடும் ஒருவர் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் பயணம் செய்து, சென்னையில் ஒரு கழகத்தில் இடம் பிடித்தாக வேண்டும். மாவட்டங்களில் நீண்ட காலம் பாய் விரித்த ஆடுகளங்களே வழக்கில் இருந்தன. பாயில் பந்து எழும்பும் விதம் வேறு, புல்தரை ஆடுகளத்தில் எழும்பும் விதம் வேறு. பாயில் பழகிய மட்டையாளர் ஐந்து நாள் ஆட்டத்துக்கு உரிய பொறுமையையும் கால் நகர்வையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான சீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுசாதா, தம் சீரங்கத்துக் கதைகளில் உள்ளூர்க் கிரிக்கெட்டையும் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார். ஆர்வத்துக்கு அங்கே குறைவிருந்ததில்லை. மேலே செல்லும் வழிதான் குறுகலாக இருந்தது.

2016இல் தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் இந்நிலையை ஓரளவு மாற்றியது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன் இத்தொடர் வழியே பரவலாக அறியப்பட்டு, 2020–21 ஆத்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக ஆடினார். இத்தொடரில் திருச்சிராப்பள்ளியின் பெயர் தாங்கிய அணியும் உண்டு. ரூபி திருச்சி வாரியர்சு, பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாசு என அதன் பெயர் மாறி வந்துள்ளது.

மாநில அணியின் தலையெழுத்து இந்த அணிக்கும் தொற்றிக்கொண்டதோ என்று எண்ணத் தோன்றும். 2021இல் இறுதிப் போட்டிக்கு முன்னேறிச் சேப்பாக்கத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீசு அணியிடம் எட்டே ஓட்டங்களில் கோப்பையை இழந்தது. 2023இல் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றது. 2025இல் மீண்டும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்து, வெளியேற்ற ஆட்டத்தில் திண்டுக்கல் டிராகன்சு அணியிடம் வீழ்ந்தது. மூன்று விக்கெட்டுகளும் 83 ஓட்டங்களும் எடுத்து அதைச் செய்தவர் திண்டுக்கல் அணித்தலைவர் அசுவின். 2025 பருவம் வரை இத்தொடரின் ஆட்டம் ஒன்றுகூடத் திருச்சிராப்பள்ளியில் நடைபெறவில்லை. திண்டுக்கல் அருகே நத்தத்திலும், திருநெல்வேலியிலும், சேலத்திலும், கோயம்புத்தூரிலும் திடல்கள் அமைந்திருக்க, திருச்சி அணியின் ஆதரவாளர்கள் தம் அணியை வெளியூரிலோ தொலைக்காட்சியிலோதான் பார்க்க வேண்டியிருந்தது.

இத்தொடரினால் கிடைப்போர் இருபது நிறைவு ஆட்டத்துக்குப் பழகியவர்கள் என்பதையும் மறக்கலாகாது. நான்கு நிறைவுகள் வீசும் பந்துவீச்சாளர், 84க்கு 5 என்ற நிலையிலிருந்து எதிரணியை 150க்குள் முடிக்க ஒரு நாளில் இருபத்தைந்து நிறைவுகள் வீசத் தனியே பழக வேண்டும்.

அடுத்த பருவங்களுக்கான எதிர்பார்ப்பு

1987–88க்குப் பின் பஞ்சாப், பரோடா, உத்தரப் பிரதேசம், இராசத்தான், குசராத்து, விதர்பா, சௌராட்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய அணிகள் கோப்பையை வென்றுள்ளன. இவற்றுள் விதர்பா தான் ஆடிய முதல் இறுதிப் போட்டியிலேயே (2017–18) வென்றது. தமிழ்நாடு 1955இல் இந்தூரில் வீழ்த்திய ஓல்கரின் நிலப்பகுதி இன்று மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. அம்மாநிலம் 2021–22இல் மும்பையை வென்று கோப்பையைப் பெற்றது. மும்பையையும் இறுதியில் வெல்லலாம் என்பதற்கு இவை சான்றுகள்.

மட்டை வீச்சில் நம்பிக்கைக்கு இடமுண்டு. நா. செகதீசன் 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் எடுத்த 277 ஓட்டங்கள் அப்போது உலகச் சாதனையாக அமைந்தன. 2024 சனவரியில் சண்டிகருக்கு எதிரான இரஞ்சி ஆட்டத்தில் அவர் 321 ஓட்டங்கள் எடுத்தார். சாய் சுதர்சன் 2025இல் இந்தியத் தேர்வு அணியில் இடம் பெற்றார். அவர் தேசிய அணிக்குச் செல்லும் நாட்களில் மாநில அணிக்கு அவர் இல்லை என்ற பழைய சிக்கலும் உடன் வருகிறது.

புள்ளி முறையும் முதல் இன்னிங்சையே சுற்றி வருகிறது. கூட்டிணைவுச் சுற்றில் முழு வெற்றிக்கு 6 புள்ளிகளும், இன்னிங்சு அல்லது பத்து விக்கெட் வெற்றிக்குக் கூடுதலாக ஒன்றும் உண்டு. முடிவில்லா ஆட்டத்தில் முதல் இன்னிங்சு முன்னிலை பெற்ற அணிக்கு 3 புள்ளிகளும் பின்தங்கிய அணிக்கு ஒன்றும் வழங்கப்படுகின்றன. 2023–24 அரையிறுதியை மும்பையிலும், 2024–25 காலிறுதியை நாக்பூரிலும், எதிரணியின் சொந்தத் திடலிலேயே தமிழ்நாடு ஆடியது. அந்தந்தப் பருவத்தின் கூட்டிணைவுச் சுற்றில் மும்பையும் விதர்பாவும் தமிழ்நாட்டை விட மேலான இடம் பெற்றிருந்தன.